வந்த சர்க்கரை போகுமா?

இரண்டாம் வகை நீரிழிவு ஒருமுறை வந்தால் வந்ததுதான் என்று மருத்துவ உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. முதலில் ஒரு மாத்திரை, சில ஆண்டுகளில் இரண்டு, பிறகு மூன்று, கடைசியில் இன்சுலின் ஊசி. நோயாளிக்குக் காட்டப்பட்ட வழி இது ஒன்றுதான். "இனி ஆயுசு முழுக்க மாத்திரை போடணும்" என்ற வார்த்தையோடுதான் பெரும்பாலானோரின் முதல் ஆலோசனை இன்றும் முடிகிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளை ஒருசேர வைத்துப் படிக்கிறவர்களால் இந்த வார்த்தையை எல்லோரிடமும் இனி அப்படியே சொல்ல முடியாது. நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களில் கணிசமானவர்கள், எடையைப் போதிய அளவு குறைத்தால், மருந்தில்லாமலே நீரிழிவின் எல்லைக்குக் கீழே இறங்கிவிட முடியும். எத்தனை பேருக்கு இது கைகூடும், எவ்வளவு குறைக்க வேண்டும், எவ்வளவு காலம் நிலைக்கும், ஒல்லியாகத் தெரியும் நம் ஊர்க்காரர்களுக்கும் இது பொருந்துமா என்பவைதான் இப்போது கேட்க வேண்டிய கேள்விகள்.

பழைய நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 1977இல் தொடங்கி 20 ஆண்டுகள் பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் என்ற பேராய்வு, புதிதாக நோய் கண்ட 5,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தது. நோய் கண்டறியப்படும்போதே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டிருக்கிறது, அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே போகிறது என்று அது காட்டியது. ஒற்றை மருந்தோடு தொடங்கியவர்களில், ஒன்பது ஆண்டுக்குப் பின்னும் அந்த ஒற்றை மருந்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்க முடிந்தவர்கள் சுமார் நால்வரில் ஒருவர்தான். அந்தச் சரிவுக்கோட்டைப் பார்த்த மருத்துவர்கள், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்று எடுத்துக்கொண்டார்கள். செத்த செல் திரும்பாது. ஆகவே நோயும் திரும்பிப் போகாது. ஆனால் அந்த ஆண்டுகளில் நோயாளிகளின் எடை ஏறிக்கொண்டிருந்தது. நன்றாக எடை குறைந்திருந்தால் அதே கோடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை.

விடைக்கான தடயம் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1870இல் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டன. நகருக்குள் உணவு அருகிப்போனது. அப்போது அங்கே நீரிழிவு மருத்துவத்தில் பேர்பெற்றவராக இருந்த அப்பொலினேர் பூஷார்தா, தம் நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை குறைந்து மறைவதைக் கண்டு எழுதிவைத்தார். குறைவாக உண்ணுங்கள் என்பதே அவருடைய வைத்தியத்தின் சாரமானது. 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகளைச் சாவிலிருந்து மீட்ட அந்த மாபெரும் கண்டுபிடிப்பு, நீரிழிவு மருத்துவத்தின் கவனம் முழுவதையும் மருந்தின் பக்கம் இழுத்துக்கொண்டது. உணவு துணைக்கு நிற்கும் அறிவுரையாகச் சுருங்கியது.

கவனத்தை மறுபடி திருப்பியவர்கள் அறுவை மருத்துவர்கள். அமெரிக்காவின் வட கரோலைனாவில் வால்டர் போரிஸ் என்பவரும் அவரது குழுவினரும், மிகுந்த உடல் பருமன் கொண்டவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு மாற்றி இணைக்கும் அறுவையைச் செய்துவந்தார்கள். அவர்களில் நீரிழிவு இருந்தவர்களில் ஐந்தில் நால்வருக்கும் மேல் சர்க்கரை இயல்புக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்ததை 1995இல் வெளியிட்டார்கள். வியப்பு அந்த எண்ணிக்கையில் மட்டும் இல்லை. எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, அறுவை முடிந்த சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்கிவிட்டது. குடல் சுரக்கும் ஹார்மோன்களே காரணம் என்று பலர் விளக்கம் தேடினார்கள்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருந்த ராய் டெய்லர் வேறு விதமாக யோசித்தார். அறுவை முடிந்தவர் சில நாட்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடுவதில்லை. கத்தி படாமல், அதே அளவுக்கு உணவைக் குறைத்தால் என்ன ஆகும்? நீரிழிவு வந்து நான்கு ஆண்டுக்குள் இருந்த 11 பேர் எட்டு வாரம் நாளொன்றுக்கு சுமார் 600 கலோரியில் இருந்தார்கள். மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 166இலிருந்து 106க்கு இறங்கியது. கல்லீரலில் இருந்த கொழுப்பு எட்டு வாரத்தில் 13 சதவீத அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு வந்தது. கணையக் கொழுப்பு 8இலிருந்து 6.2 சதவீதமானது. சாப்பிட்ட உடனே கணையம் அவசரமாகப் பாய்ச்ச வேண்டிய இன்சுலினின் முதல் அலை, இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் தொலைந்துபோவது, திரும்பி வந்தது. 2011இல் வெளியான இந்த முடிவு சின்னஞ்சிறு ஆய்வின் முடிவுதான். ஆனாலும் பீட்டா செல்கள் செத்துவிட்டன என்ற நம்பிக்கையை அது அசைத்துவிட்டது. செத்திருந்தால் எட்டு வாரத்தில் எப்படி எழுந்து வேலை செய்யும்?

டெய்லர் தரும் விளக்கம் இது. தேவைக்கு மேல் உண்ணும் சக்தி முதலில் தோலுக்கு அடியில் கொழுப்பாகச் சேர்கிறது. அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பத்தாயம் நிரம்பிய வீட்டில் நெல் மூட்டைகள் கூடத்திலும் நடைவழியிலும் அடுக்கப்படுவதுபோல, தோலடியில் இடம் தீர்ந்ததும் கொழுப்பு உள்ளுறுப்புகளுக்குள் போகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. இரவு முழுவதும் தன்பாட்டுக்குச் சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறது. இரவு ஒன்றும் சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் சர்க்கரை ஏறியிருப்பதாகப் பலர் குழம்புவது இதனால்தான். அதே கல்லீரல் மிஞ்சிய கொழுப்பை டிரைகிளிசரைடாக இரத்தத்தில் ஏற்றி அனுப்ப, அதில் ஒரு பங்கு கணையத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே பீட்டா செல்கள் அந்தச் சுமையில் தம் வேலையை மறந்து ஒடுங்கிப்போகின்றன. ஆனால் சாவதில்லை, குறைந்தபட்சம் ஆரம்ப ஆண்டுகளில். அவற்றை மீட்கக் கணையத்திலிருந்து வெளியேற வேண்டிய கொழுப்பு மிகச் சிறிதளவு, ஒரு கிராமுக்கும் குறைவு என்று அந்தக் குழு பின்னர் அளந்து சொன்னது. அந்த ஒரு கிராமை மட்டும் தனியே எடுக்க வழியில்லை. உடல் முழுவதிலிருந்தும் பல கிலோ இறங்கினால்தான் அதுவும் இறங்கும்.

இதையெல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, சாதாரண மருத்துவமனைகளில் செய்துகாட்டியது டைரெக்ட் ஆய்வு. கிளாஸ்கோவின் மைக் லீனும் டெய்லரும் சேர்ந்து, ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைடிலும் 49 குடும்ப மருத்துவ நிலையங்களில் இதை நடத்தினார்கள். பங்கேற்றவர்கள் சுமார் 300 பேர். நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், பிஎம்ஐ எனப்படும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 27க்கும் 45க்கும் இடைப்பட்டவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு சுமார் 850 கலோரி தரும் சத்துப்பான உணவு மட்டும் கொடுத்தார்கள். பிறகு சில வாரங்களில் படிப்படியாகச் சாதாரண உணவு. அதன்பிறகு மாதந்தோறும் சந்திப்பு. இதையெல்லாம் நடத்தியவர்கள் பெரிய நிபுணர்களல்ல, எட்டு மணி நேரப் பயிற்சி பெற்ற உள்ளூர்ச் செவிலியர்களும் உணவியலாளர்களும். எனக்கு இந்த ஆய்வில் ஆகப் பெரிய செய்தியாகப் படுவது இதுதான்.

ஓராண்டு முடிவில் உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதம். குறைந்த எடைக்கும் கிடைத்த பலனுக்கும் உள்ள உறவு இன்னும் தெளிவாகப் பேசியது. எடை ஏறியவர் ஒருவருக்குக்கூட நோய் தணியவில்லை. ஐந்து கிலோ வரை குறைத்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும், ஐந்து முதல் பத்து கிலோ குறைத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும், பத்து முதல் பதினைந்து வரை குறைத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கும் தணிந்தது. பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு ஒழுங்காகப் படியேறும் எண்கள் அபூர்வம். கத்தாரில் இளம் வயதினரிடம் நடந்து 2020இல் வெளியான இன்னோர் ஆய்விலும் 61 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 12 சதவீதம்.

அடுத்து வரும் எண்களையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். டைரெக்ட் ஆய்வில் இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆனது. ஐந்தாம் ஆண்டு வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் தணிந்த நிலையில் இருந்தவர்கள் 13 சதவீதம். எடை மெல்லத் திரும்பியது, நோயும் கூடவே திரும்பியது. இதைக் காட்டி, எல்லாம் வெறும் ஆரவாரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. எடை திரும்பினால் நோய் திரும்புகிறது என்பதே எடைதான் காரணம் என்பதற்கான வலுவான சான்று. கத்திக்கும் இதே கதிதான். சுவீடனில் நடந்த நீண்டகால அறுவை ஆய்வில், நீரிழிவு இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் தணிந்திருந்தது, பத்தாம் ஆண்டில் அது 36 சதவீதம். ஐந்தாண்டு மருந்தில்லாமல் இருந்த உடம்புக்கு அந்த ஐந்தாண்டும் இலாபமே. டைரெக்டின் உணவுக் குழுவில் தீவிர உடல்நலக் கோளாறுகள் ஒப்பீட்டுக் குழுவில் இருந்ததைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தன.

மாரடைப்பையும் சிறுநீரகக் கோளாறையும் இது உண்மையிலேயே குறைக்கிறதா என்ற கேள்விக்கு விடை அவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவில் 5,145 பேரிடம் நடந்த லுக் அஹெட் ஆய்வு, உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் போனது. இதய நோயில் வேறுபாடு தெரியவில்லை என்று 2012இல் நிறுத்தப்பட்டது. அங்கே எடைக் குறைப்பு மிதமானது, நோய் தணிந்தவர்கள் முதலாண்டில் 11.5 சதவீதம்தான். 2024இல் அதே தரவை வேறு கோணத்தில் பிரித்துப் பார்த்தார்கள். எப்போதாவது தணிந்த நிலையை எட்டியவர்களுக்கு இதய நோய் 40 சதவீதமும் சிறுநீரக நோய் 33 சதவீதமும் குறைவாக வந்திருந்தன. தணிவை எட்டியவர்கள் தொடக்கத்திலேயே நோய் முற்றாதவர்களாக இருந்திருக்கலாம் என்பதால், அந்தக் குறைவு முழுவதையும் தணிவின் கணக்கில் எழுதிவிட முடியாது. நம்பிக்கை தரும் செய்தி என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

நோய் 'குணமானது' என்று இந்தத் துறையினர் யாரும் சொல்வதில்லை. 2021இல் அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டன் நீரிழிவு அமைப்புகள் கூடி ஒரு வரையறைக்கு வந்தன. சர்க்கரை மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருக்கிறது. நம் நாட்டில் இதோடு ஒரு எச்சரிக்கை சேர்கிறது. இரத்தசோகை இங்கே, முக்கியமாகப் பெண்களிடம், மிகப் பரவலானது. இரும்புச்சத்துக் குறைபாடு எச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டும். இரத்த அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்கள் குறைத்துக் காட்டும். அந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்பி மருந்தை நிறுத்துவதோ தொடர்வதோ சரியாகாது. வெறும் வயிற்று அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த உணவு முறை என்ற சண்டை முடிவற்றது. அதில் நான் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. சத்துப்பானம், மாவுச்சத்தைக் குறைத்த உணவு, நாள்விட்டு நாள் பட்டினி எல்லாவற்றிலும் வெற்றிகள் இருக்கின்றன. மாவுச்சத்து குறைந்த உணவு பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த மதிப்பீட்டில், ஆறாம் மாதத்தில் 57 சதவீதம் பேர் எச்பிஏ1சி எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள், ஒப்பீட்டுக் குழுவில் 31 சதவீதம். ஆனால் அதில் மருந்து எடுத்துக்கொண்டே இருந்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். ஓராண்டில் அந்த அனுகூலமும் தேய்ந்தது. சீனாவில் 36 பேரிடம் விட்டுவிட்டு உண்ணாமலிருக்கும் முறையைச் சோதித்ததில் 16 பேருக்கு ஓராண்டுக்குப் பின்னும் தணிந்திருந்தது. எந்தப் பாதையில் போனாலும் எடை இறங்கி அங்கேயே நின்றால் பலன் கிடைக்கிறது. ஒருவரால் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடிகிற உணவே அவருக்கு ஏற்ற உணவு.

இனி நம் ஊருக்கு வருவோம். "நான் என்ன குண்டா? எனக்கு எப்படி சுகர்?" என்று கேட்காத நோயாளி இங்கே குறைவு. இந்தக் கேள்விக்கு ஒரு புகைப்படம் விடை சொன்னது. 2004இல் லான்செட் இதழில் புணேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் வெளியானது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து, தசை குறைந்து, வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமக்கும் உடல்வாகு நம்முடையது. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23லேயே கூடுதல் எடை தொடங்குவதாகக் கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. தோலடியில் இடம் குறைவாக உள்ளவருக்குக் கொழுப்பு சீக்கிரமே உள்ளே வழிகிறது. ஒவ்வொருவருக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் எடை 60 கிலோவானாலும் நோய் வரும் என்று டெய்லரும் ரூரி ஹோல்மனும் 2015இல் எழுதினார்கள்.

அதற்குச் சோதனையும் நடந்தது. 2023இல் வெளியான ரீட்யூன் ஆய்வில் பிஎம்ஐ 27க்குக் கீழே இருந்த 20 நீரிழிவு நோயாளிகள் ஐந்து ஐந்து சதவீதமாக எடையைக் குறைத்தார்கள். 14 பேருக்கு நோய் தணிந்தது. தணியத் தேவைப்பட்ட குறைப்பு 6.5 சதவீத அளவில்தான் இருந்தது. 65 கிலோ உள்ளவருக்கு இது நான்கு கிலோவைச் சற்றுத் தாண்டும். பதினைந்து கிலோ என்று கேட்டாலே மலைத்துப்போகும் ஒல்லியான நோயாளிக்கு இந்த எண் போய்ச் சேர வேண்டும். இருபது பேரை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாது என்பதும் உண்மை. இந்தியாவில், இந்திய உடல்களில், இந்திய உணவோடு இதே சோதனை ஆயிரக்கணக்கானோரிடம் நடக்க வேண்டும்.

தேவை எவ்வளவு பெரிது என்பதற்கு ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வே போதும். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய அந்தக் கணக்கெடுப்பு 2023இல் சொன்னது: நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வின் 2025 அறிக்கை கூறுகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றினாலும், மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாவிட்டால் நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்பது அதில் நாம் நின்று கவனிக்க வேண்டிய முடிவு.

தமிழ்நாட்டில் சுகர் என்று தெரிந்ததும் முதலில் நடப்பது இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வருவது. அடுத்து கேழ்வரகுக் களி, வரகரிசி, தினைப் பொங்கல், ஓட்ஸ் கஞ்சி. மாற்றத்தைச் செய்துவிட்ட நிம்மதியில் நாலு சப்பாத்தி, இரண்டு கரண்டி குருமா. நூறு கிராம் அரிசியிலும் நூறு கிராம் கோதுமை மாவிலும் ஏறத்தாழ ஒரே கலோரி, சுமார் 350. கேழ்வரகும் பெரிதாக வேறுபடாது. நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதலாகக் கிடைப்பது நல்லதே, ஆனால் கல்லீரல் கொழுப்பைக் கரைக்க அது போதாது. குறைய வேண்டியது தட்டில் தானியம் பிடித்திருக்கும் இடம். அந்த இடத்துக்குப் பொரியலும் கீரையும் கூட்டும் வர வேண்டும். சுண்டல், பாசிப்பயறு, முட்டை, மீன், தயிர் வர வேண்டும். எண்ணெயையும் பார்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி போய்விடும். புதிதாக நோய் கண்டவர்களுக்கு மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம் என்று இந்தியாப் குழு 2022இல் கணித்தது. மாவுச்சத்தை அறவே ஒழிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சோற்றைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்ற கட்டளையைவிட இது வீட்டில் நடக்கக் கூடியது.

விலை உயர்ந்த சத்துப்பானம் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்பதற்கு நேபாளத்திலிருந்து ஒரு முதல் விடை வந்திருக்கிறது. காத்மாண்டு பகுதியில் 70 பேருக்கு, அவர்கள் வழக்கமாக உண்ணும் பருப்பும் சோறும் காய்கறியுமான உணவையே 850 கலோரிக்கு அளந்து எட்டு வாரம் கொடுத்த முன்னோட்ட ஆய்வில், 43 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. தமிழ்ச் சமையலுக்கு நெருக்கமான சான்று இது. காலம் குறுகியது, எண்ணிக்கை சிறியது, ஆனாலும் திசை சரியானது.

எண்களில் வராத தடைகளும் உண்டு. நம்மூரில் எடை குறைந்தவரைப் பார்த்து யாரும் பாராட்டுவதில்லை. "என்னங்க, ஆளே இளைச்சுப்போயிட்டீங்க, சுகரா?" என்றுதான் கேட்பார்கள். கட்டுப்பாடற்ற சர்க்கரை ஆளை உருக்குவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த சமூகத்தின் அச்சம் அது. கன்னம் ஒட்டினால் பெற்ற தாய் கண்கலங்குவார், கல்யாண வீட்டில் வற்புறுத்திப் பரிமாறுவார்கள். நோயால் தானாக இளைப்பதும், சர்க்கரையை இறக்குவதற்காக முயன்று இளைப்பதும் வேறு வேறு என்று நோயாளிக்கு மட்டுமல்ல, அவர் வீட்டாருக்கும் சொல்லியாக வேண்டும். நோய் வந்தது குடும்பத்தலைவிக்கு என்றால் இன்னும் சிரமம். எல்லோருக்கும் தோசை வார்த்துப்போட்டு, மிஞ்சியதைத் தாம் சாப்பிடும் பெண்மணியிடம், உங்களுக்கு மட்டும் தனியாகச் சுண்டல் செய்துகொள்ளுங்கள் என்று சொல்வது அறிவுரையே ஆகாது. வீட்டின் சமையல் மாறினால்தான் அவர் தட்டு மாறும். தனிமனித மன உறுதியின் பற்றாக்குறை என்று இதைப் பேசுகிறவர்கள் மீது எனக்குக் கடும் வருத்தம் உண்டு. உடல் தானே தன் பழைய எடையைத் தேடிப் போகிறது. பசி ஹார்மோன்கள் ஏறுகின்றன, செலவழியும் சக்தி குறைகிறது. திரும்ப ஏறிய எடைக்கு நோயாளியைக் குற்றவாளியாக்குவது அறிவியலும் இல்லை, அறமும் இல்லை. புதிய ஊசி மருந்துகள் அந்தப் பசியை அடக்கி எடையை நன்றாகவே குறைக்கின்றன. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது, மாதச் செலவோ பல குடும்பங்களுக்குச் சுமை.

யாருக்கு இது கைகூடாது என்பதையும் மறைக்கக் கூடாது. காலம் போகப்போக வாய்ப்பு குறைகிறது. நியூகாசில் குழுவின் ஓர் ஆய்வில், நோய் வந்து நான்கு ஆண்டுக்குள் இருந்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு எட்டு வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தது. எட்டு ஆண்டைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குத்தான் வந்தது. நெடுங்காலம் இன்சுலின் போடுபவர்களுக்கு மருந்தளவு குறையலாம், முழுத் தணிவு அரிது. முதல் வகை நீரிழிவுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது, அவர்கள் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காணப்படும், கணையத்தில் கல் உருவாகி வரும் நீரிழிவும் வேறு இனம். முயலாமலே எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை, உணவு அட்டவணையை அல்ல.

இந்த அறிவியலின் நிழலில் நடக்கும் வியாபாரம் என்னைக் கோபப்படுத்துகிறது. முப்பது நாளில் சர்க்கரைக்கு விடை, இந்தப் பொடியைச் சாப்பிட்டால் மாத்திரை வேண்டாம் என்ற விளம்பரங்களை நம்பி இன்சுலினை நிறுத்தியவர்கள் நினைவிழந்து அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். முறையான திட்டத்திலும் ஆபத்து உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே உணவைத் திடீரென்று குறைத்தால் லோ சுகர் வந்து மயக்கம் போடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்தோடு மாவுச்சத்தை அறவே விட்டால், சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். எடை வேகமாக இறங்கும்போது இரத்த அழுத்தம் தாழும், பித்தப்பையில் கல் சேரலாம், தசையும் கரையலாம். விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கினால் அது சில காலம் மோசமாகலாம். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. மருந்தை எந்த வரிசையில் எப்போது குறைப்பது என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மருத்துவருக்கு அதற்கு நேரம் இருக்கிறதா என்பதே இங்கே உண்மையான இடறல். இங்கிலாந்தில் எந்தச் சிறப்புத் திட்டமும் இல்லாத சாதாரண சிகிச்சையில் நோய் தணிந்தவர்கள் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவே. அரசு மருத்துவ சேவை டைரெக்டைப் பின்பற்றி உணவுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, அதை முழுதாக முடித்து அளவீடும் கிடைத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஓராண்டில் தணிந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களுக்கு அது நிமிடக் கணக்கில் முடிகிறது. தமிழ்நாடு வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டத்தையே 2021இலிருந்து நடத்துகிறது. அதே ஊழியர்களுக்குப் பயிற்சி தந்தால், புதிதாக நோய் கண்டவருக்கு முதல் ஆறு மாதம் எடை பார்த்து, தட்டைப் பார்த்து, கூடவே நடக்க முடியும். ஸ்காட்லாந்தின் செவிலியர்கள் செய்ததை நம் செவிலியர்களால் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை. நோய் கண்ட முதல் வாரத்திலேயே இந்த வாய்ப்பைப் பற்றி நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் ஆண்டில் சொன்னால் வாய்ப்பு குறைந்திருக்கும்.

தணிந்தவர்களுக்கும் கடமைகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது எச்பிஏ1சி, கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதத்தின் உணர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், ஏனெனில் பழைய ஆண்டுகளின் பாதிப்பு உடம்பில் தங்கியிருக்கக்கூடும். எடை இரண்டு மூன்று கிலோ ஏறியதுமே மறுபடி சில வாரம் உணவைக் குறைக்கும் ஏற்பாடு டைரெக்டில் இருந்தது. வீட்டில் ஒரு எடைக்கருவி இருந்தால் அதை இங்கும் செய்யலாம்.